மோட்டார் வண்டியின் பாட்டரியும் பிற்சேர்க்கைச் சாதனங்களும்

மலைப்பகுதி ஒன்றில் சுகாதாரப் பணிக்குரிய ஜீப் ஒன்று வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கொட்டகையில் நிறுத்தப்படுகிறது என்று கொள்க. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தடுப்பூசிப் பெட்டியைப் பனிக்கட்டிப் பொதிகளுடன் ஏற்றிக்கொண்டு ஊழியர்கள் அமர்ந்தபின், ஓட்டுநர் சாவியைத் திருப்புகிறார். 'டக்' என்னும் ஓர் ஒலி மட்டும் கேட்கிறது, எஞ்சின் சுழலவில்லை. முகப்பு விளக்குகள் செந்நிறமாக மங்கி எரிகின்றன. பெட்டியிலுள்ள பனிக்கட்டி ஒரு குறிப்பிட்ட காலம்வரைதான் தாங்கும். மேலூரில் கைக்குழந்தைகளுடன் தாய்மார்கள் காத்திருக்கின்றனர். வண்டியைத் தள்ளுவதற்கு ஆள் திரட்டுவதிலேயே ஒரு மணி நேரம் கழிந்துவிடுகிறது.

இத்தகைய வேளையில் பழி முதலில் பாட்டரியின் மீதே விழும். அது மாற்றப்படும். புதிய பாட்டரியும் சில வாரங்களில் அவ்வாறே படுத்துவிடும். பின்னர் ஆல்டர்நேட்டர் சந்தேகிக்கப்படும். அதிலும் குற்றம் இராது. உண்மையான காரணம், சில மாதங்களுக்கு முன் வண்டியில் பொருத்தப்பட்ட திரையுடன் கூடிய இசைக் கருவியின் பின்னால், மஞ்சள் வயரும் சிவப்பு வயரும் ஒன்றாக முறுக்கப்பட்டு ஒட்டுநாடா சுற்றப்பட்டிருக்கும் அந்த ஒரே முடிச்சில் இருக்கக்கூடும். அம்முடிச்சின் வழியே அரை ஆம்பியர் மின்னோட்டம் ஓயாது சென்றிருப்பின், வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலைவரை உள்ள 62 மணி நேரத்தில் 31 ஆம்பியர்-மணி வெளியேறியிருக்கும். 60 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் இது பாதிக்கு மேல்.

இக்காலத்தில் அலுவலக வண்டிகளிலும் சொந்த வண்டிகளிலும் காட்சித் திரை, டாஷ் கேமரா, இருப்பிடங்காட்டும் கருவி, ஆம்ப்ளிபயர், கைப்பேசி மின்னூட்டி எனப் பல சாதனங்கள் பின்னர் சேர்க்கப்படுகின்றன. இவற்றை வைத்துக்கொள்வதில் தவறில்லை. எஞ்சின் ஓடும்போது இவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தை ஆல்டர்நேட்டர் எளிதில் அளித்துவிடும். வண்டி நின்றபின் இவை என்ன செய்கின்றன என்பதே ஆராயத்தக்கது.

பாட்டரி எதற்காக அமைந்தது?

காரீயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு மீண்டும் மீண்டும் மின்னூட்டத்தக்க சேமக் கலத்தை 1859-இல் பிரான்சு நாட்டு விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே அமைத்துக் காட்டினார். இன்றும் பெரும்பாலான மோட்டார் வண்டிகளில் இருப்பது அக்கலத்தின் வழித்தோன்றலே. ஒரு கலம் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் 12.6 வோல்ட் கிடைக்கும். மக்கள் 12 வோல்ட் பாட்டரி என்று வழங்குவது இதனையே.

தொடக்க கால மோட்டார் வண்டிகளை முன்புறம் கைப்பிடி செருகிச் சுழற்றியே இயக்கினர். சார்லஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கப் பொறியியலார் வகுத்த மின் ஸ்டார்ட்டர், 1912-ஆம் ஆண்டின் காடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. அதன் பின்னரே பாட்டரிக்கு எஞ்சினை எழுப்பும் கடமை ஏற்பட்டது. இக்கடமையின் இயல்பை விளங்கிக்கொள்ள ஒரு சிறு கணக்குப் போதும். சிறிய வண்டி ஒன்றின் ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் வீதம் இரண்டு விநாடி மின்னோட்டம் எடுப்பதாகக் கொண்டால், அது 300 ஆம்பியர்-விநாடி. 3600-ஆல் வகுக்கக் கிடைப்பது ஏறத்தாழ 0.08 ஆம்பியர்-மணி. அஃதாவது, பாட்டரியின் மொத்தக் கொள்ளளவில் ஒரு துளியே செலவாகிறது. ஆயின் அத்துளியை ஒரே வீச்சில் கொடுக்கும் வலிமை பாட்டரிக்கு இருத்தல் வேண்டும். அதற்காகவே இவ்வகைப் பாட்டரிகளில் மெல்லிய தகடுகள் பல நெருக்கமாக அடுக்கப்படுகின்றன. பரப்பு மிகுந்தால் மின்னோட்டமும் மிகும்.

இனி மறுபக்கத்தைக் காண்க. 50 மில்லி ஆம்பியர் என்பது மிகச் சிறிய மின்னோட்டம். சிறு குறிவிளக்குகள் இரண்டு மூன்றுக்குத்தான் அது போதும். அது பன்னிரண்டு மணி நேரம் கசிந்தால் 0.6 ஆம்பியர்-மணி ஆகிறது. ஓர் இரவின் மெல்லிய கசிவு ஏழு முறை எஞ்சினை எழுப்பப் போதுமான மின்சாரத்தைக் கொண்டுபோய்விடுகிறது. 'இவ்வளவு சிறிய கருவி என்ன எடுத்துவிடப் போகிறது' என்று பணிமனைகளில் கூறப்படுவது, மின்னோட்டத்தை மட்டும் பார்த்துக் காலத்தைப் பாராமையால் எழும் கூற்றாகும்.

மெல்லிய தகடுகளுக்கு ஒரு குறையும் உண்டு. பாட்டரியிலிருந்து மின்சாரம் வெளியேறும்போது தகடுகளின்மீது காரீய சல்பேட் படிகிறது. மின்னூட்டும்போது அது கரைந்து மீள்கிறது. பாட்டரி வெறுமையாக நெடுநாள் கிடந்தால், நுண்ணிய சல்பேட் துகள்கள் பெருத்துக் கடினமான படிகங்களாகிவிடுகின்றன. பின்னர் எவ்வளவு மின்னூட்டினாலும் அவை முழுதும் கரைவதில்லை. ஸ்டார்ட்டருக்குரிய பாட்டரியைச் சில முறை அடிவரை வெறுமையாக்கினாலே அதன் ஆயுள் வெகுவாகக் குறையும் என்பதற்கு இது முதன்மையான காரணம். ஆகவே கசிவினால் ஏற்படும் நஷ்டம் ஒருநாள் வண்டி எழாமையோடு முடிவதில்லை.

பாட்டரியின் நிலையை அறிய வோல்ட்மீட்டரே போதும். வண்டி சில மணி நேரம் நின்றபின், யாதொரு சுமையுமின்றி அளந்தால், 12.6 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் முழு நிலையையும், 12.4 முக்கால் நிலையையும், 12.2 அரை நிலையையும், 12.0 கால் நிலையையும் ஏறக்குறையக் குறிக்கும். வண்டியை நிறுத்திய உடனே அளந்தால் தகடுகளின் மேற்பரப்பிலுள்ள மின்னூட்டம் கூடுதலாகக் காட்டி ஏமாற்றிவிடும்.

மஞ்சள் வயரும் சிவப்பு வயரும்

பழைய வண்டி வானொலிகளில் நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் முள் கைத்திருகினால் நகர்த்தப்பட்டது. மின்சாரம் நின்றாலும் முள் விட்ட இடத்திலேயே இருந்தது. ஆகவே மின்வழங்கலுக்கு ஒரே வயர் போதியது. மின்னணு முறையில் நிலையங்களை நினைவில் வைத்துக்கொள்ளும் கருவிகள் வந்தபின், நினைவைக் காக்க ஓயாத சிறு மின்னோட்டம் ஒன்றும், கருவியை இயக்கச் சாவிக்கு உட்பட்ட மின்னோட்டம் ஒன்றும் தனித்தனியே தேவைப்பட்டன. சந்தையில் விற்கும் கருவிகளில் மஞ்சள் வயர் ஓயாத இணைப்பு. சிவப்பு வயர் சாவியின் இணைப்பு. கறுப்பு வயர் எர்த். நீல நிறத்தில் வெண்கோடு இட்ட வயர், ஆம்ப்ளிபயருக்கு 'விழித்துக்கொள்' என்று உத்தரவிடும் வயர்.

இவற்றுள் சிவப்பு வயரின் பணியைப் பலரும் தவறாகவே எண்ணுகின்றனர். பெரும்பாலான கருவிகளில் அது பெருமின்னோட்டத்தை ஏந்துவதில்லை. 'சாவி திறந்திருக்கிறது' என்னும் செய்தியை மட்டுமே அது கருவிக்குச் சொல்கிறது. கருவிக்கு வேண்டிய உண்மையான சக்தி மஞ்சள் வயரின் வழியே வருகிறது. சிவப்பில் மின்னழுத்தம் மறைந்ததும் கருவி திரையை அணைத்து, நினைவுப் பகுதிக்கு மட்டும் சில மில்லி ஆம்பியரை விட்டுவைத்து உறங்கிவிடும். இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிட்டால், கருவியின் கணக்கில் வண்டியின் சாவி இரவும் பகலும் திறந்தே இருக்கிறது. முகப்புப் பொத்தானை அழுத்தித் திரையை இருட்டாக்கினாலும் உள்ளிருக்கும் கணிப்பொறிப் பகுதி விழித்தே இருக்கக்கூடும். கணிப்பொறி போன்று இயங்கும் திரைக் கருவிகளில் இவ்விழிப்பு அரை ஆம்பியரையோ அதனினும் மிகுதியையோ எடுத்துக்கொள்ளும்.

சாவியில்லாமலும் பாட்டுக் கேட்க வேண்டும் என்று உரிமையாளர் விரும்புவதாலேயே பொருத்துநர்கள் இவ்வாறு 'டைரக்ட்' கொடுத்துவிடுகின்றனர். விருப்பம் நியாயமானதே. ஆயினும் அதற்கு வழி வேறு: சிவப்பு வயருக்கு மட்டும் முகப்புப் பலகையில் தனி விசை ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். விசையை அணைக்க மறந்தால் விளைவு முன்போன்றதே. எனவே சிறு குறிவிளக்குடன் கூடிய விசையாக இருத்தல் நன்று.

சாவித் துளையின் நிலைகளையும் இங்கு நோக்குதல் வேண்டும். முதல் நிலையில் எல்லாம் அணைந்திருக்கும். இரண்டாவதில் வானொலி போன்ற துணைச் சாதனங்களுக்கு மட்டும் மின்சாரம் கிடைக்கும். மூன்றாவதில் எஞ்சினுக்குரிய சுற்றுக்களும் உயிர்பெறும். நான்காவதில் ஸ்டார்ட்டர் சுழலும். ஸ்டார்ட்டர் சுழலும் அந்த விநாடிகளில் துணைச் சாதனங்களின் மின்சாரம் நிறுத்தப்படுகிறது. எஞ்சின் எழும்போது திரை ஒருகணம் இருண்டு மீள்வது பழுதன்று. பாட்டரியின் முழு வலிமையும் ஸ்டார்ட்டருக்கே சேர வேண்டும் என்னும் ஏற்பாடு அது.

வண்டி வானொலிகளின் பின்புறக் கப்ளருக்கு ஐ.எஸ்.ஓ. 10487 என்னும் சர்வதேசத் தரம் ஒன்றுண்டு. அதன்படி மின்வழங்கல் கட்டத்தின் நான்காம் முனை ஓயாத இணைப்பு. ஏழாம் முனை சாவியின் இணைப்பு. எட்டாம் முனை எர்த். சில ஐரோப்பிய வண்டிகளில் நான்காமதும் ஏழாமதும் இடம் மாறியிருக்கும். அவற்றில் புதிய கருவியை அப்படியே செருகினால், சாவியை எடுக்குந்தோறும் கருவி தன் நினைவை இழக்கும். இது கண்டு, பொருத்துநர் இரண்டையும் சேர்த்து முறுக்கிவிடுவார். செய்யத்தக்கது இரண்டு வயரையும் இடம் மாற்றுவதே. எந்த வண்டியிலும் நிறத்தை நம்பி இணைத்தல் கூடாது. சாவியை எடுத்துவிட்டு மீட்டரை வைத்துப் பார்க்க, மின்னழுத்தம் நிற்கும் முனை ஓயாதது. மறையும் முனை சாவிக்கு உட்பட்டது.

நிறம் பற்றி மற்றோர் எச்சரிக்கை. விபத்தில் விரியும் காற்றுப்பைகளுக்குச் செல்லும் வயர்களும் பெரும்பாலும் மஞ்சள் உறையில்தான் வைக்கப்படுகின்றன. இசைக் கருவியின் மஞ்சளுக்கும் அந்த மஞ்சளுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அவற்றில் சோதனை விளக்கை வைத்துப் பார்ப்பது பேராபத்து. கேமராவின் வயரை முன்கண்ணாடியின் பக்கத் தூணுக்குள் நுழைக்கும்போதும், அங்கே மடித்து வைக்கப்பட்ட காற்றுப்பை இருப்பின் அதன் முன்னால் வயர் குறுக்கிடாமல் பின்னால் செல்லுமாறு அமைத்தல் வேண்டும்.

மறைவான கசிவுகள்

டாஷ் கேமரா ஏறக்குறைய 5 வாட் எடுப்பதாகக் கொண்டால், 12 வோல்ட்டில் அது 0.4 ஆம்பியர். முற்கூறிய 62 மணி நேரத்திற்கு அது 25 ஆம்பியர்-மணிக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. சிகரெட் கொளுத்தியின் துளையில் இதைச் செருகுவது வழக்கம். சில வண்டிகளில் அத்துளை சாவியோடு அணையும், சிலவற்றில் அணையாது. எஞ்சினைப் பரிசோதிக்கும் கருவிக்காக முகப்புப் பலகையின் கீழ் அமைந்துள்ள பதினாறு முனைத் துளையில் இருப்பிடங்காட்டிகளைச் செருகுவோரும் உளர். அத்துளையின் பதினாறாம் முனை எப்போதும் பாட்டரியோடு இணைந்தே இருக்கும். சாவி அதைக் கட்டுப்படுத்துவதில்லை.

நிறுத்திய வண்டியையும் கேமரா காவல் காக்க வேண்டும் என்போர், மின்னழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழ் இறங்கியதும் தானே துண்டித்துக்கொள்ளும் இணைப்புப் பெட்டியைப் பயன்படுத்துகின்றனர். இது நல்ல ஏற்பாடு. ஆனால் எல்லையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். இப்பெட்டிகள் சிலவற்றில் 11.8 வோல்ட் அளவிலும் எல்லை வைக்க இடமுண்டு. மேற்கண்ட அளவுகளை நோக்கின், அந்நிலையில் பாட்டரியில் மிஞ்சுவது மிகச் சொற்பம். 12.2 வோல்ட்டுக்குக் கீழ் எல்லையை வைப்பது திருடனைப் பிடித்துவிட்டு வண்டியை இழப்பதற்கு ஒப்பாகும். பழைய பாட்டரியாயின் 12.4 நலம்.

ஆம்ப்ளிபயரின் நீல வெண்கோட்டு வயரை ஓயாத இணைப்பில் சேர்த்துவிடுவதும் அடிக்கடி நிகழ்வது. அப்போது ஒலியே இல்லாதிருந்தும் ஆம்ப்ளிபயர் சூடாகவே இருக்கும். கையால் தொட்டுப் பார்த்தே கண்டுகொள்ளத்தக்க குறை இது.

ரிலே, பியூஸ், வயரின் பருமன்

சாவியின் துணைச் சுற்றில் ஓரளவு மின்னோட்டத்திற்கே இடமுண்டு. அதிலிருந்து பல சாதனங்களுக்குக் கிளை பிரித்தால் சாவியின் தொடுமுனைகள் கருகும். ஆகவே சாதனங்கள் பலவாயின் ரிலே ஒன்றை வைத்தல் முறை. வண்டி ரிலேயில் 30, 85, 86, 87 என்னும் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 30-க்குப் பாட்டரியிலிருந்து பியூஸ் வழியே வரும் தடித்த வயர், 87-இலிருந்து சாதனங்களுக்குச் செல்லும் வயர், 86-க்குச் சாவியின் துணைச் சுற்று, 85-க்கு எர்த். சாவி திறந்ததும் சுருளில் 0.15 ஆம்பியர் அளவே ஓடி, பெரிய சுற்றை மூடுகிறது. சாவியை எடுத்ததும் எல்லாச் சாதனங்களும் ஒருசேரத் துண்டிக்கப்படுகின்றன. 86-ஆம் முனையை அவசரத்தில் ஓயாத இணைப்பில் கொடுத்துவிட்டால், கசிவைத் தடுக்க வைத்த ரிலேயே நாளொன்றுக்கு 3.6 ஆம்பியர்-மணி குடித்துவிடும் என்பதையும் மறத்தல் ஆகாது. ரிலே சுருளின் மின்னோட்டம் அறுபடும்போது தூண்டல் விளைவால் உயர்ந்த மின்னழுத்தம் ஒன்று எழும்; மின்னணுக் கருவிகளை அது தாக்காதிருக்க, டயோடு அல்லது மின்தடை உள்ளடங்கிய ரிலேயே ஏற்றது. டயோடு உள்ளதாயின் 85, 86 ஆகியவற்றை மாற்றி இணைக்கலாகாது.

பியூஸைப் பற்றித் தெளிவான எண்ணம் பலரிடம் இல்லை. அது கருவியைக் காப்பதற்கு என்று கருதி, கருவியின் அருகே வைத்துவிடுகின்றனர். பியூஸ் முதற்கண் காப்பது வயரை. பாட்டரியிலிருந்து நான்கு மீட்டர் தூரம் செல்லும் வயர், இடையில் எஞ்சின் அறைச் சுவரின் கூரிய விளிம்பில் உரசி உறை கிழிந்து உலோகத்தைத் தொட்டால், கருவியினருகே உள்ள பியூஸ் எதையும் அறியாது. பாட்டரி நூறு ஆம்பியருக்கு மேலும் அவ்வயரில் செலுத்தும். வயர் சிவந்து, உறை பற்றி, வண்டியே எரிந்துபோகலாம். நிறுத்திய வண்டியிலும் இது நிகழும். எனவே பியூஸ், பாட்டரி முனையிலிருந்து ஒன்றரை அடிக்குள், கூடுமாயின் ஒரு சாண் தூரத்திலேயே இருத்தல் வேண்டும். சுவரைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் இன்றியமையாதது.

பருமனுக்கு வருவோம். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செப்பு வயரின் தடை மீட்டருக்கு 0.0172 ஓம். நான்கு மீட்டர் நீளத்திற்கு 0.069 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 0.7 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயராயின் இழப்பு 0.28 வோல்ட் மட்டுமே. மின்னழுத்தம் குறைந்தால் கேமரா தானே அணைந்து எழும், ஒலி கரகரக்கும், உரிமையாளர் கருவியைக் குறை கூறுவார். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வயர்களுள் பல, செப்பு முலாம் பூசிய அலுமினியமே. அலுமினியத்தின் மின்கடத்து திறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 61 சதவிகிதம். முலாம் பூசியதும் அதனினும் சிறிதே மேலானது. வயரின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெண்மை தெரியும். 1 சதுர மில்லிமீட்டர் செப்பு வயருக்கு 10 ஆம்பியர் பியூஸ், 2.5-க்கு 15 அல்லது 20 என்பது பாதுகாப்பான அளவு. சிவப்பு நிறத் தகட்டுப் பியூஸ் 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. உருகிய பியூஸுக்குப் பதில் பெரியதை இடுவதும், சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைப்பதும் வண்டிக்குத் தீ வைக்கும் முயற்சியன்றி வேறல்ல.

எர்த் இணைப்பைப் பெயிண்ட் சுரண்டிய உலோகத்தில் திருகாணியால் இறுக்க வேண்டும். அண்மைக்கால வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் எதிர்முனையிலேயே மின்னோட்டத்தை அளக்கும் சிறு உணர்கருவி ஒன்று அமர்ந்திருக்கும். அத்தகைய வண்டியில் சாதனத்தின் எர்த்தை நேரே பாட்டரி முனையில் கொடுத்தால், அம்மின்னோட்டம் உணர்கருவியின் கணக்கில் வாராது. ஆல்டர்நேட்டர் குறைவாகவே மின்னூட்டும். வண்டியின் உடலில் எர்த் கொடுத்தலே தக்கது.

பிரசார வண்டிகளில், எஞ்சினை நிறுத்தி ஒலிபெருக்கி இயக்குவது தவிர்க்க முடியாதது. முழு ஒலியில் 8 ஆம்பியர் எடுக்கும் ஆம்ப்ளிபயரானாலும் பேச்சின் இடைவெளிகளால் சராசரி வெகுவாகக் குறையும். ஒரு மணி நேரக் கூட்டத்திற்கு நல்ல பாட்டரி அஞ்ச வேண்டியதில்லை. நாள்தோறும் பல மணி நேரம் இயக்குவதாயின், தடித்த தகடுகள் கொண்ட இரண்டாவது பாட்டரி ஒன்றை வைத்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் அதை முதற்பாட்டரியுடன் இணைக்கும் ரிலேயை அமைப்பதே நிலையான பரிகாரம்.

கசிவை அளக்கும் முறை

பத்து ஆம்பியர்வரை அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும். எல்லா விளக்குகளையும் அணைத்து, சாவியை வண்டியிலிருந்து தொலைவில் வைத்து, கதவுகளை மூடிவிட வேண்டும். உள்ளேயுள்ள பியூஸ் பெட்டியை எட்டும்பொருட்டுக் கதவு ஒன்று திறந்திருப்பின், அதன் பூட்டு நாக்கைத் திருப்புளியால் அழுத்திவிட்டால், கதவு மூடியதாகவே வண்டி எண்ணிக்கொள்ளும். பின்னர் பாட்டரியின் எதிர்முனைக் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் இடையே மீட்டரை வைக்க வேண்டும். எப்போதும் எதிர்முனையே முதலில் கழற்றத்தக்கது. நேர்முனையில் ஸ்பேனரை வைத்திருக்கும்போது அது வண்டியின் உடலைத் தொட்டால் பெருந்தீப்பொறி எழும். மின்னூட்டும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிப்படுவதால் அப்பொறி வெடிப்பில் முடியலாம்.

முதலில் மீட்டர் ஓர் ஆம்பியரோ அதற்கு மேலோ காட்டினால் திகைக்க வேண்டியதில்லை. வண்டியின் மின்னணுப் பகுதிகள் உறங்குவதற்கு அரை மணி நேரமும், சில வண்டிகளில் அதனினும் மிகுதியும் ஆகும். அதன்பின் 0.02 முதல் 0.05 ஆம்பியர்வரை நிற்பது இயல்பு. கடிகாரம், பூட்டு முதலியவற்றின் பங்கு அது. அதற்கு மேல் நின்றால், பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க, எதைக் கழற்றும்போது முள் விழுகிறதோ அச்சுற்றில் திருடன் ஒளிந்திருக்கிறான். நேரே பாட்டரியிலிருந்து எடுக்கப்பட்ட பிற்சேர்க்கை வயர்கள் பியூஸ் பெட்டிக்குள் வாராமையால், அவற்றைத் தனியே துண்டித்துப் பார்க்க வேண்டும். மீட்டர் இணைந்திருக்கையில் சாவியைத் திருப்பிவிட்டால் மீட்டரின் உள் பியூஸ் உருகிப்போகும்.

பள்ளிகளில் இதையே ஒரு பாடமாகக் காட்டலாம். 5 ஆம்பியர்-மணி கொண்ட ஸ்கூட்டர் பாட்டரியுடன் 240 ஓம் தடையை இணைத்தால் 50 மில்லி ஆம்பியர் ஓடும். 24 ஓம் தடையை இணைத்தால் அரை ஆம்பியர். இரண்டாவதில் 6 வாட் வெப்பம் பிறப்பதால் 10 வாட் தாங்கும் கம்பிச் சுருள் தடையே வேண்டும், கையால் தொடலாகாது. முதல் தடை பாட்டரியைப் பாதியாக்க ஏறத்தாழ 50 மணி நேரமும், இரண்டாவது ஏறத்தாழ 5 மணி நேரமும் எடுக்கும். தடையை நீக்கிச் சிறிது நேரம் ஓய்வளித்து, மணிக்கொரு முறை மின்னழுத்தத்தை அளந்து வரைபடம் இடச் செய்தால், ஓம் விதியும் பாட்டரியின் இயல்பும் ஒருங்கே விளங்கும். 12.2 வோல்ட் வந்ததும் நிறுத்தி அன்றே மின்னூட்டிவிட வேண்டும்.

தட்பவெப்பமும் நெடுநாள் நிறுத்தமும்

இந்தியாவின் பல பகுதிகளிலும் இக்கணக்கு ஒரே மாதிரி இருப்பதில்லை. ஜெய்சல்மேரின் கோடையில் பாட்டரி தானாகவே இழக்கும் மின்சாரம் மிகுதி. வெப்பம் 10 பாகை உயருந்தோறும் அவ்விழப்பு ஏறக்குறைய இருமடங்காகிறது. லே, ஸ்பிதி போன்ற இடங்களில் அபாயம் வேறு வகையானது. முழு மின்னூட்டமுள்ள பாட்டரியின் அமிலம் சுழியத்திற்குக் கீழ் 50 பாகைக்கு மேலும் உறையாது நிற்கும். வெறுமையான பாட்டரியில் அமிலம் பெரும்பாலும் நீராகிவிடுவதால், சுழியத்திற்குக் கீழ் 10 பாகை அளவிலேயே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். அங்கே ஒரு கேமராவின் கசிவு பாட்டரியின் இறுதியாகவே முடியலாம்.

இரு வாரங்களுக்கு மேல் நிறுத்தப்படும் வண்டிகளில் எதிர்முனைக் கேபிளைக் கழற்றி வைப்பது எளிய முறை. கடிகாரமும் வானொலியின் நினைவும் அழியும். சில கருவிகள் மீண்டும் இரகசிய எண்ணைக் கேட்கும். ஆதலால் அவ்வெண்ணை முன்னரே குறித்து வைத்துக்கொள்ளுதல் வேண்டும். அலுவலக வண்டியாயின் அதனை லாக் புத்தகத்திலேயே எழுதிவைத்து, புதிய சாதனம் ஒவ்வொன்றும் பொருத்தப்பட்ட நாளையும், அதற்கு முன்னும் பின்னும் அளந்த கசிவின் அளவையும், பியூஸ் இருக்கும் இடத்தையும் அதனருகே குறித்துவிட்டால், அடுத்து வரும் ஓட்டுநர் திங்கட்கிழமை காலையில் தேட வேண்டிய இடம் எது என்பதை அறிந்துகொள்வார்.